'ரிவர்ட்' என்றால் பதிலா, பழைய நிலையா?

யீஷூன்வாசி: லண்டன் கிளைக்கு 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று மின்னஞ்சல் அனுப்பலாமா? இங்கே சிங்கப்பூர் அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

தேக்கா: இங்கேயும் மலேசியாவிலும் இந்தியாவிலும் அது 'பதில் சொல்லுங்கள்'. லண்டனில் முதலில் தோன்றும் பொருள் 'பழைய நிலைக்குத் திரும்பு'. 'ரிவர்ட் த டிராஃப்ட்' என்று எழுதிப் பாருங்கள், செய்த திருத்தமெல்லாம் போய்விடும்! 'ரிப்ளை பை ஃப்ரைடே' என்று கிழமையோடு எழுதுங்கள்.

ஜூரோங்: 'டேபிள்' இன்னும் வில்லங்கம். பிரிட்டனிலும் இங்கேயும் தீர்மானத்தை டேபிள் செய்தால் விவாதத்துக்கு வைப்பது. அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரு தரப்பும் உள்ள கூட்டத்தில் 'டிஸ்கஸ்', 'போஸ்ட்போன்' என்றே சொல்லுங்கள்.

யீஷூன்வாசி: 'அவுட்ஸ்டாண்டிங் இன்வாய்ஸ்', அண்ணே?

தேக்கா: பணம் வராத பில், தம்பி. 'மிகச் சிறப்பானது' என்ற பாராட்டு இல்லை. 'அன்பெய்ட்' என்று போட்டுவிடுங்கள்.