லெகஸி செடிமெண்ட்: எச்சவண்டலா, நிலவினைப் படிவா?

அனைவருக்கும் வணக்கம்.

‘லெகஸி செடிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் ‘மரபு வண்டல்’ பொருந்தவில்லை. மரபு என்றதும் மரபணுவும் மரபுரிமையும்தான் நினைவுக்கு வரும். பொருளைப் பார்த்துப் பெயரிடுவோம். காடழிப்பு, உழவு, சுரங்க வேலை ஆகியவற்றால் இளகிய மண்ணை நீர் அடித்துச் சென்று சரிவின் அடியிலோ பள்ளத்தாக்கிலோ அணைக்குப் பின்னாலோ சேர்த்து வைத்தது இது. இளக்கியது மனிதர், சுமந்தது நீர். ‘எச்சவண்டல்’ எனலாம் என்பது என் பரிந்துரை.

களத்தில் இது எப்படித் தெரியும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேரிலாந்து மாநில ஓடைகளில் செங்குத்தான கரையை மண்வெட்டியால் சீவினால், மேலே 1 முதல் 5 மீட்டர் வரை பழுப்பு நிற நுண்மண் இருக்கும். அதற்கடியில் விதைகளும் மக்கிய இலைதழையும் கலந்த கருத்த மெல்லிய அடுக்கு. ஐரோப்பியர் குடியேறுமுன் இருந்த சதுப்புத் தரை அது. அதன் கீழே சரளை, பிறகு பாறை. நிறம் சட்டென்று மாறும் இடமே எல்லை. புவியியலாளர்கள் வால்ட்டரும் மெரிட்ஸும் 2008-இல் காட்டியது இதைத்தான். கிழக்கு அமெரிக்காவில் 1840 வாக்கில் நீர்விசையால் ஓடும் ஆலைகள் 65,000-க்கும் மேல் இருந்தன. அவற்றுக்காகக் கட்டிய அணைகளின் பின்னால் தேங்கிய மண்ணை, அணை உடைந்தபின் ஓடை அறுத்துக்கொண்டு இறங்கியது. மிஞ்சிய உயர்ந்த கரையை இயற்கையான வெள்ளச் சமவெளி என்று எண்ணி ஓடையைச் சீரமைத்தால் வடிவமைப்பு முழுவதும் பிழையாகும்.

--------

ஐயா, வணக்கம்.

‘எச்ச’ வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எச்சமண் என்றால் பாறை சிதைந்து அதே இடத்தில் கிடப்பது. நாம் பேசுவது இடம்பெயர்ந்த மண், அதற்கு நேர் எதிர்.

‘வண்டல்’ என்பதும் இடிக்கிறது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் 1853 தொடங்கி, நீரை அழுத்தத்தோடு பீச்சி மலைச்சரிவைக் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். கழிவை ஆற்றில் விடுவதை 1884-இல் நீதிமன்றம் தடுத்தது. அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் தம் 1917 அறிக்கையில் கணக்கிட்ட அந்தக் கழிவில் சரளையும் கூழாங்கல்லும் ஏராளம். அவற்றை யாரும் வண்டல் என்று சொல்லமாட்டார்கள். ‘படிவு’ என்றால் எல்லாம் அடங்கும்.

‘வினைப்படிவு’ என்று சுருக்கினால் வேதிவினையும் வீழ்படிவும் குறுக்கே வரும். ஆகவே ‘நிலவினைப் படிவு’. நிலத்தின்மேல் மனிதர் செய்தது முன்பாதி, நீர் செய்தது பின்பாதி. வண்டியில் ஏற்றிவந்து கொட்டியதை ‘நிரப்புமண்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம். அதில் நீருக்கு வேலையே இல்லை.

--------

‘நிலவினைப் படிவு’ எனக்கும் ஏற்புடையதே. ‘நிலவினை’ என்பதை நிலச்சரிவு போல நிலம் தானே செய்யும் வினை என்று படிக்க இடமுண்டு. வரையறையின் முதல் வரியிலேயே மனிதச் செயல் என்று சொல்லிவிட்டால் போதும்.

‘முன்னாள்’, ‘பண்டை’ போன்ற அடைமொழிகள் வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் கிரீக் ஓடையின் படுகையை டிரிம்பிள் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். 1930-களில் தொடங்கிய மண்காப்பு வேலைகளால் வயல் அரிப்பு வெகுவாகக் குறைந்தும், படுகையின் வாயிலில் வெளியேறிய மண்ணின் அளவு அவ்வளவாக மாறவில்லை. முன்பு வந்த மண்ணில் பெரும்பகுதி பள்ளத்தாக்கிலேயே தங்கியிருந்தது. பிறகு தேங்குவது குறைந்தது, சில இடங்களில் பழைய படிவையே ஓடை அரித்தது. இதைக் கவனிக்காமல் வாயிலில் மட்டும் அளப்பவர், கரையிலிருந்து வரும் மண்ணுக்கும் இன்றைய உழவர் மேல் பழிபோடுவார். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

காலக்கணிப்பைக் குறிப்பில் சேர்ப்போம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கதிரியக்கப் பொருளான சீசியம்-137 படிவுகளில் 1954 வாக்கில் தலைகாட்டி 1963-இல் உச்சம் தொடும். ஆனால் அது களித்துகளில்தான் ஒட்டும். மணல் அடுக்கில் காணவில்லை என்பதற்காக 1954-க்கு முந்தையது என்று முடிவுகட்டக் கூடாது. கருத்த அடுக்குக்கு, உயிர்ப்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது காணும் கதிர்க்கரிம முறை உதவும். விதை, இலை அனுப்புவது நல்லது. கரித்துண்டு மேட்டிலிருந்து அடித்து வந்ததாக இருந்தால் வயதைக் கூட்டிக் காட்டும்.

பட்டியலுக்கான வரைவு:

நிலவினைப் படிவு: மனிதர் நிலத்தைப் பயன்படுத்தியதால் வழக்கத்துக்கு மிஞ்சி அரிக்கப்பட்டு, நீரால் கடத்தப்பட்டு, சரிவடியிலோ பள்ளத்தாக்கிலோ நீர்த்தேக்கத்திலோ தங்கிய மண், மணல், சரளை. நிரப்புமண் இதில் சேராது.

காற்று சுமந்து சேர்த்ததையும் உள்ளடக்க வேண்டுமென்றால் ‘நீரால்’ என்பதை எடுத்துவிடலாம். அதில் உங்கள் கருத்து என்ன?