ரெகுலேட்டரை உள்ளூர்க் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?

அலைவாய்:
புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலை முக்குளிப்புப் பயிற்சியை முடித்துவிட்டுச் சொந்தமாக ஸ்கூபா கருவிகள் வாங்க விரும்புபவர்களுக்கு, “வெளிநாட்டு இணையக் கடைகளில் விலை குறைவு, அங்கேயே வாங்குங்கள்” என்ற அறிவுரைதான் இப்போது முதலில் கிடைக்கிறது. மாஸ்க்குக்கும் காலில் மாட்டும் துடுப்புக்கும் அப்படிச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. சிலிண்டரில் உள்ள காற்றை மூச்சுவிடத் தரும் கருவியான ரெகுலேட்டருக்கும் அதையே சொல்வதைக் கடுமையாக எதிர்க்கிறேன். சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நீர்மட்டத்தில் உள்ள காற்றழுத்தம்) இருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் அளவுக்கு மட்டும் கூடுதலாக இருக்கும்படி ரெகுலேட்டரின் முதல் நிலை குறைக்கிறது. வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் நிலை அதை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. நடுவில் உள்ள அந்த அழுத்தம் வாங்கிய நாளில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. குறித்த காலத்தில் ஒருவர் அதைப் பிரித்து, ஓ-ரிங்குகள் எனப்படும் ரப்பர் வளையங்களையும், வால்வு அழுந்தி மூடும் பகுதியான இருக்கையையும் மாற்றி, மறுபடியும் அளந்து தர வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது பொறுப்பான செயல் ஆகாது.

பவளப்பாறை:
சர்வீஸ் தேவை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த உள்ளூர்க் கடை நம் ஊரில் எங்கே இருக்கிறது? நம் கரையோர டைவ் மையங்களில் பெரும்பாலானவை பயிற்சியையும் கடல் பயணத்தையும் நம்பி நடப்பவை. விற்பனைக்கென அங்கே இருப்பது ஓரிரு நிறுவனங்களின் சில மாடல்கள் மட்டுமே. ஒரே நிறுவனத்தின் பொருளை விற்பவர் அதையே சிறந்தது என்று சொல்வார். அதில் அவரைக் குறை கூற முடியாது, ஆனால் வாங்குபவருக்கு அது நடுநிலையான ஆலோசனையும் ஆகாது. கையிருப்பில் இல்லாததைக் கேட்டால், பணத்தைப் பெற்றுக்கொண்டு அவர்களும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கிறார்கள்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உற்பத்தியாளர் தன் பொருளுக்குக் குறைந்தபட்ச விற்பனை விலையை வணிகர்மீது விதிப்பது, 1911-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பின்படி எந்த விளக்கத்துக்கும் இடமின்றிச் சட்டவிரோதம். 2007-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் லீஜின் என்ற தோல்பொருள் நிறுவனத்தின் வழக்கில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டு, ஒவ்வொரு விலை ஏற்பாட்டையும் அதன் விளைவைக் கொண்டு எடைபோட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விலைக்குக் கீழ்வரம்பு விதிக்கும் உற்பத்தியாளரின் பொருளை விற்கும் அங்கீகரிக்கப்பட்ட கடைகளுக்கிடையே, அவை தெருவில் இருந்தாலும் இணையத்தில் இருந்தாலும், விலையில் பெரிய வேறுபாடு தோன்ற இடமில்லை. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அங்கீகாரம் பெறாத கடைகளில்தான். அங்கே விற்கப்படுவதும் அதே தொழிற்சாலையில் செய்யப்பட்ட பொருள்தான். செயற்கையாக உயர்த்தி வைக்கப்பட்ட விலையை நான் ஏன் சுமக்க வேண்டும்?

அலைவாய்:
அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் அதனுடன் வருவதில்லை. விற்றவரின் உத்தரவாதம் மட்டுமே வருகிறது. கோளாறு ஏற்பட்டால் பொருளை அவருடைய நாட்டுக்கு அனுப்பி, அது திரும்பி வரும்போது பழுதுபார்க்கப் போன பழைய பொருள்தான் என்று சுங்கத் துறைக்குக் காகிதங்களால் நிரூபிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல, சர்வீஸுக்கான உதிரிப் பாகங்களைத் தாங்கள் அங்கீகரித்த கடைகளுக்கு மட்டுமே தருகின்றன. சில நிறுவனங்கள் வாழ்நாள் முழுவதும் அந்தப் பாகங்களை இலவசமாகத் தருவதாகச் சொல்கின்றன. அந்தச் சலுகையும் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கியவருக்குத்தான்.

முதல் நிலையின் வால்வு இருக்கை தேயும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். உயர் அழுத்தக் காற்று இம்மியளவாகக் கசிந்து, 9.5 பாரில் நிற்க வேண்டிய இடை அழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் முக்குளிப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. பிறகு இரண்டாம் நிலை தானாகவே குமிழிவிடத் தொடங்கும். முற்றினால் காற்று கட்டுப்பாடின்றிக் கொட்டும். அளவுமானி வைத்துப் பார்ப்பவருக்கு அது கரையிலேயே தெரிந்துவிடும்.

பவளப்பாறை:
இரண்டு மறுமொழிகள். முதலாவது, ரெகுலேட்டர் பழுதானால் காற்றை அடைத்துவிடாமல் திறந்த நிலைக்குப் போகும்படியே பொதுவாக வடிவமைக்கப்படுகிறது. காற்று வீணாகுமே தவிர நின்றுபோகாது. இரண்டாவது, நீங்கள் சொல்லும் அளவுமானி பிசிடியைக் (மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் காற்றுச் சட்டையை) காற்றடைக்கும் குழாயின் முனையில் பொருத்தக்கூடிய எளிய கருவி, விலையும் அதிகமில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு நானே வைத்துப் பார்த்து எழுதி வைக்கிறேன். கடையில் வாங்கி, அடுத்த சர்வீஸ் வரை அதை நினைத்துக்கூடப் பார்க்காதவரைவிட என் ரெகுலேட்டரின் நிலையை நான் நன்றாக அறிவேன்.

நெய்தல்:
நான் பயிற்சியாளராக இருப்பவன். காற்று கொட்டினால் ஆபத்து குறைவு என்ற எண்ணம் புதியவர்களிடம் பரவக் கூடாது. நம் மையங்களில் பரவலாக உள்ள அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர், 200 பாரில் அதில் இருப்பது சுமார் 2,200 லிட்டர் காற்று. 18 மீட்டர் ஆழத்தில், நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் 2.8 மடங்கு அழுத்தம் நிலவும் இடத்தில், ரெகுலேட்டர் முழுமையாகக் கொட்டினால் அது தீர்ந்துபோகச் சில நிமிடங்களே ஆகும்.

அலைவாய் மாஸ்க்கை இணையத்துக்கு விட்டுக்கொடுத்ததையும் நான் ஏற்கவில்லை. மாஸ்க்கை வாரின்றி முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்தால், பொருந்தக்கூடியது கைவிட்ட பிறகும் முகத்தில் நிற்கும். இந்தச் சோதனையைப் படத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. ஆனால் கடையில் பத்து மாஸ்க்குகளை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே மாடலை வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குவது அந்தக் கடைக்காரரின் உழைப்பைத் திருடுவதாகும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கணினியை மட்டும் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது என் கருத்து.

இந்த விவாதத்தில் இதுவரை யாரும் பேசாத ஒன்று, ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பொருத்தும் இணைப்பின் வகை. ஐரோப்பியக் கடைகள் பெரும்பாலும் திருகிப் பொருத்தும் டின் இணைப்பையே தருகின்றன. நம் கரையில் வால்வின் மேல் கவ்விப் பிடிக்கும் யோக் இணைப்புதான் வழக்கம். நம் சிலிண்டர் வால்வின் உள்ளே இருக்கும் செருகியைக் கழற்ற முடிந்தால் டின் பொருந்திவிடும், இல்லாவிட்டால் அடாப்டர் தேவைப்படும். அதைவிடச் சிக்கலானது, ஐரோப்பாவில் நைட்ராக்ஸுக்கென (ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்றுக்கென) 2008 முதல் நடைமுறைக்கு வந்த எம்26 இணைப்பு. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று அதை வாங்கினால், மாற்றுப் பாகம் வரும்வரை நம் சிலிண்டர் எதிலும் அதைப் பொருத்த முடியாது. நேரில் விற்கும் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வியே, “எங்கே டைவ் செய்யப் போகிறீர்கள்?” என்பதுதான்.

பவளப்பாறை:
எம்26 பற்றிய எச்சரிக்கை மிகவும் தேவையானது, நன்றி. மாஸ்க் விஷயத்திலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆயினும் “உள்ளூர்க் கடையில் வாங்கி அதை வாழவையுங்கள், இல்லாவிட்டால் காற்று நிரப்ப இடமிருக்காது” என்று அடிக்கடி சொல்லப்படும் வாதத்தை நம் சூழலுக்கு ஏற்க மாட்டேன். சொந்த சிலிண்டருடன் வாரந்தோறும் ஏரிக்கோ கடலுக்கோ போகும் அமெரிக்கருக்கு அது பொருந்தும். இங்கே சிலிண்டரும் கம்ப்ரஸரும் மையத்துடையவை; அவற்றின் செலவை நாம் ஒவ்வொரு டைவின் கட்டணத்திலும் கொடுத்துவிடுகிறோம்.

அலைவாய்:
அந்த வாதத்தை நான் முன்வைக்கவில்லை, முன்வைக்கவும் மாட்டேன். என் கோரிக்கை மிகவும் குறுகியது. பணம் கட்டுவதற்கு முன்பு, குறிப்பிட்ட மாடலை இந்தியாவில் யார் சர்வீஸ் செய்வார், வேறிடத்தில் வாங்கியதையும் ஏற்பாரா, பாகங்கள் அவரிடம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் கேட்கும் ரெகுலேட்டர்களும் உண்டு. அட்டாமிக் அக்வாடிக்ஸ் போல இரண்டு ஆண்டுகள் அல்லது 300 டைவ் என்று நீண்ட கால அளவைத் தருபவையும் உண்டு. இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகும் இணையமே மலிவு என்றால், என் எதிர்ப்பில் பாதி விலகிவிடும். புதிய ரெகுலேட்டர் முதல் டைவிலேயே கசிந்தால் படகில் யார் பார்ப்பார்கள் என்ற மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

பவளப்பாறை:
எழுத்தில் கேட்டுப் பெறுவதை இன்று முதல் எல்லோருக்கும் நானும் சொல்வேன். மீதிப் பாதியை ஏற்கவில்லை: கசியும் ரெகுலேட்டரைப் படகில் வைத்து யாரும் பிரிக்கக் கூடாது, அதை எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும். அன்று மையத்தின் வாடகை ரெகுலேட்டரைப் பொருத்திக்கொண்டு இறங்குவதுதான் முறை.