சமையல் வகுப்பு தொடங்கப் போகிறோம், எதைச் சமைத்துக் காட்டினால் வீட்டிலும் வைப்பார்கள்?

கடற்கரைக்காரி:
எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், குளச்சல் பக்கம். மகளிர் குழுவில் இருக்கிறோம். ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், பெண்கள் சிலர் மீன் விற்கவும் சிலர் அண்டி ஆபீசுக்கும் (முந்திரி ஆலை) போகிறார்கள். அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது சில பிள்ளைகளுக்கு எடை ஏறவே இல்லை என்று டீச்சர் வருத்தப்படுகிறார், கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்கும் ரத்தம் குறைவு. மாதம் ஒரு நாள் எல்லாரும் கூடிச் சமைத்துப் பழகலாம் என்று குழுவில் பேசினோம்.

முன்பு வெளியிலிருந்து ஒரு அமைப்பு வந்து இதே போல நடத்தியது. பன்னீர், காளான், ஓட்ஸ் கஞ்சி என்று செய்து காட்டினார்கள், ருசியாகத்தான் இருந்தது, சாப்பிட்டோம், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அதில் ஒன்றுகூட எந்த வீட்டு அடுப்பிலும் ஏறவில்லை. இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. இப்படி நடத்திப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலையோரம்:
அக்கா, நாங்கள் குலசேகரம் பக்கம், ரப்பர் வெட்டுகிற வீடுகள் அதிகம். முதலில் நேரத்தைப் பாருங்கள். காலையில் வைத்தால் வேலைக்குப் போகிறவள் வரமாட்டாள், வீட்டில் சும்மா இருக்க வசதி உள்ளவர்கள்தான் வருவார்கள், அவர்களுக்கு இந்த வகுப்பே தேவையில்லை. இங்கே ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் சரிப்பட்டது. பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லுங்கள், அவர்கள் தின்கிறார்களா துப்புகிறார்களா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சாமானுக்குப் பெரிய லிஸ்ட் போடாதீர்கள். ரேஷன் பையைத்தான் நடுவில் வைக்க வேண்டும். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதோடு முற்றத்தில் நிற்கிற முருங்கை, பப்பாளி, சக்கைக்குரு (பலாக்கொட்டை), கொஞ்சம் தேங்காய். இதற்கு வெளியே ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்தால் அதைச் சமைக்கவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று கொஞ்சம் வெளுப்பாக இருக்கிற மணிகளைப் பொறுக்கிப் போடுகிறார்களே, அது செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று கலப்பது. நம்ம ஊரில் வடித்துத்தானே பழக்கம், அந்தக் கஞ்சித்தண்ணியையும் கொட்டாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

பழைய நர்ஸ்:
வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் இந்த மாதிரி கேள்வியைப் பார்த்தால் சும்மா போக முடியவில்லை. எடை ஏறாத பிள்ளைகளில் நிறைய பேர் 6 மாதத்துக்கு மேல் 2 வயதுக்குள் இருப்பவர்கள். அம்மாக்கள் கஞ்சியைத் தண்ணி போலக் கரைத்துக் கொடுக்கிறார்கள், வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். சோறும் பருப்பும் குழைய மசித்து அதில் ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய், முடிந்தால் முள் எடுத்த மீன் அல்லது முட்டை. 6 மாதத்தில் ஆரம்பிக்கும்போது நாளைக்கு 2, 3 தடவை, 9 மாதத்துக்கு மேல் 3, 4 தடவை, தாய்ப்பாலோடு. அங்கன்வாடி சத்துமாவையும் ஒரு தடவை கூட்டத்தில் வைத்துச் செய்து காட்டுங்கள், அது பல வீட்டில் டப்பாவிலேயே கிடக்கிறது.

பெரியவர்களுக்கு என்றால் சாயா. சாப்பிட்ட கையோடு கட்டஞ்சாயா (பால் விடாத டீ) குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரைத் துவரனோடு (பொரியல்) ஒரு துண்டு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் நல்லது. ரத்தம் குறைந்தவர்கள் மாத்திரையை நிறுத்தக்கூடாது, சாப்பாட்டால் மட்டும் அது சரியாகாது, இதை வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தேங்காய்ப்பட்டணம்:
எல்லாம் சரி, கையில் காசு வந்தால்தானே சட்டியில் மீன் வரும்? ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம்ம மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை தாறுமாறாக ஏறும். வருமானம் இல்லாத வீட்டில் போய் ‘சத்தாகச் சமையுங்கள்’ என்று வகுப்பெடுப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தெருவுக்கு ஒரு டாஸ்மாக் கடையும் இருக்கிறது.

மலையோரம்:
அண்ணாச்சி சொல்வது நியாயம்தான், ஆனால் அதற்காக வகுப்பை விட்டுவிட முடியுமா? தடைக்காலத்துக்கு என்றே ஒரு வகுப்பு வைக்கலாமே. மே மாதத்திலேயே நெத்திலியைக் காயவைத்துக்கொள்வது, பிறகு அதை நன்றாகக் கழுவி ஊறவைத்து உப்பைக் குறைத்து முருங்கைக்கீரையோடு வைப்பது, காணத் (கொள்ளு) துவையல், சிறுபயறு கஞ்சி. ஆண்களையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள், சந்தையில் எதை வாங்குவது என்று பல வீட்டில் முடிவு பண்ணுவது அவர்கள்தான்.

மரச்சீனிப் பிரியன்:
மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) யாரும் திட்டாமல் இருந்தால் சரி! விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் 1880களில் திருவிதாங்கூரில் அதைப் பயிர் செய்ய ஊக்கம் கொடுத்தார்கள், இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம்ம ஆட்களின் உயிரைக் காத்தது அதுதான். குறை என்னவென்றால் அதில் மாவுதான், புரதம் மிகக் கொஞ்சம். மரச்சீனியும் கட்டஞ்சாயாவும் என்று இரவு சாப்பாட்டை முடிக்கிற வீடுகள் உண்டு. அதையே சாளை (மத்தி) மீன் கறியோடு வைத்தால் முழுச் சாப்பாடு. சாளை கிடைக்காத நாளில் வேகவைத்த சிறுபயறு. கிழங்கை நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், கசக்கிற கிழங்கு என்றால் வேண்டவே வேண்டாம். உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும், கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது.

கடற்கரைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. முதல் வகுப்புக்கு மரச்சீனியும் சாளையும், சின்னப் பிள்ளைகளுக்குப் பருப்புச் சோறு, இவ்வளவுதான். அடுப்புப் பக்கம் ஒரு மாமியாரையும் ஒரு மருமகளையும் சேர்த்தே நிறுத்தப் போகிறோம், வீட்டில் சட்டியைப் பிடிப்பது மாமியார் என்பதால். அப்புறம் ஒரு கேள்வி: பரிமாறி முடிந்து கடைசியில் உட்காருகிற பெண்ணுக்குச் சட்டியில் மீன் மிஞ்சுவதில்லை, வெறும் குழம்புதான். இதை எப்படிப் பேசுவது? பேசினால் வீட்டில் சண்டை வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள்.

பழைய நர்ஸ்:
பேச வேண்டாம் மக்களே, செய்து காட்டுங்கள். வகுப்பில் சமைத்ததும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற பெண்ணுக்கும் முதல் தட்டு போடுங்கள், அதையும் அந்த மாமியார் கையாலேயே. வீட்டில் சமைத்ததும் அவளுடைய மீன் துண்டை ஒரு சின்னச் சட்டியில் முதலிலேயே எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள், இதற்கு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.