ஆலை வேலையோடு பயன்பாட்டு இயக்கவியல் முதுகலை, சரிவருமா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை. பிழியும் இயந்திரத்தின் தண்டு மறுபடி உடைந்தது. இரண்டு முறையும் சாவிக்குழி (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) மூலையில்தான் விரிசல். காரணம் புரிய வேண்டும், அதற்குத்தான் படிப்பு ஆசை. கணக்குதான் துருப்பிடித்துவிட்டது. பாடவழியா, ஆய்வுவழியா?

— தம்பி, கேள்வி கையில் இருக்கிறதே, ஆய்வுவழிதான். யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது, போய்ப் பேசுங்கள். உடைந்த துண்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்! முறிந்த முகத்தில் அலை அலையாக வரி இருந்தால் அது சோர்வு முறிவு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி மெல்ல வளர்ந்த விரிசல்.

— கணக்கில் முதலில் டென்சர் (தகைவைத் திசைவாரியாக எழுதும் எண் அட்டவணை), பகுதி வகைக்கெழு இரண்டையும் தூசிதட்டுங்கள். கணினியில் தண்டைச் சிறு கட்டங்களாக (மெஷ்) பிரித்துக் கணக்கிடும்போது, கூர்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் உள்விசை) ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை நம்பி நான் ஒரு பருவத்தையே தொலைத்தேன்.

— நன்றி அண்ணே. வரி இருக்கிறது. துண்டு இப்போது என் கட்டிலுக்கடியில், அம்மா திட்டுகிறார்.