மைனஸ் 1 தான், ஆனால் கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. யாராவது உடனே சொல்லுங்கள்

மதுரைப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். கனடா வந்தபின் இது எங்களுக்கு முதல் குளிர்காலம். நேற்று ராத்திரியிலிருந்து இங்கே மழை. பனி இல்லை, மழைதான். ஆனால் விழுகிற இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்கிறது. பால்கனிக் கம்பி, மரக்கிளை, கரண்ட் வயர் எல்லாவற்றிலும் விரல் தடிமனுக்கு ஐஸ். காலையில் எதிர்வீட்டு மேப்பிள் மரத்தின் பெரிய கிளை படாரென்று முறிந்து கார்மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது, இன்னும் வரவில்லை. ஹீட்டரும் நின்றுவிட்டது. போன மாதம் மைனஸ் 22 அடித்தபோதுகூட வீட்டுக்குள் டி-ஷர்ட்டோடுதான் இருந்தோம். இன்று ஆப்பில் மைனஸ் 1 என்றுதான் காட்டுகிறது, ஆனால் வீடு சில்லிட்டுக்கொண்டே போகிறது. அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார். இது இங்கே வழக்கமா? நான் என்ன செய்வது? போனில் 38 சதவீதம் சார்ஜ் இருக்கிறது.

வின்னிபெக் அண்ணாச்சி:
பயப்படாதீர்கள் தங்கச்சி. மைனஸ் 1 ஒரு குளிரே இல்லை. நான் வந்து இறங்கிய ஜனவரியில் இங்கே மைனஸ் 40. செல்சியஸில் சொன்னாலும் ஃபாரன்ஹீட்டில் சொன்னாலும் ஒரே எண் வருகிற இடம் அது. பஸ் ஸ்டாப்பில் நின்றால் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்க காரை பிளக்கில் மாட்டிவைத்து இன்ஜினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. அந்தக் குளிர்காலத்தை ஊரில் வாங்கிய ஜெர்கினோடு கடந்தேன். அதனால் சொல்கிறேன், முதலில் நல்ல உடுப்பு வாங்குங்கள். உள்ளே பருத்தி போடாதீர்கள், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய தெர்மல், அதற்குமேல் கம்பளி, அதற்குமேல் காற்றுப் புகாத கோட். பூட்ஸ் அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் விரல் மரத்துவிடும்.

ஹூஸ்டன்வாசி:
உடுப்பு இருக்கட்டும், முதலில் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவன். 45 லட்சம் வீடு, கடைகளுக்கு மேல் கரண்ட் போனது. ஹூஸ்டனில் மைனஸ் 10 வரை இறங்கியது. வின்னிபெக் அண்ணாவுக்கு அது சாதாரணம். ஆனால் இங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாயே மச்சு வழியாகத்தான் போகிறது, வெயிலை நினைத்துக் கட்டிய வீடு. மின்நிலையத்துக்கு எரிவாயு அனுப்பும் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. எரிவாயு இல்லாமல் மின்சாரம் குறைந்தது, மின்சாரம் இல்லாமல் எரிவாயு இன்னும் குறைந்தது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். எல்லாக் குழாயையும் நூலளவு திறந்து சொட்டவிடுங்கள். சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்துவையுங்கள்.

ஒட்டாவா சிவில்:
சொட்டவிடுவது டெக்சாஸுக்குச் சரி. இங்கே குழாய் சுவருக்குள், வெப்பம் காக்கும் பஞ்சுக்கு உட்பக்கமாகப் போகிறது. மைனஸ் 1-இல் ஒரு ராத்திரியில் அது உறையாது. நாள்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால் மெயின் வால்வை மூடி, குழாயில் உள்ள தண்ணீரை வடித்துவிடுவதுதான் இங்கே முறை.

மைனஸ் 22-இல் இல்லாத ஆபத்து மைனஸ் 1-இல் ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, அது நல்ல கேள்வி. கடுங்குளிரில் பனி பூவாக விழும், தட்டினால் உதிரும். இன்று மேலே ஓர் அடுக்குச் சூடான காற்று தெற்கிலிருந்து ஏறி வந்திருக்கிறது. பனி அதில் உருகி மழையாகிறது. தரைக்குச் சற்று மேலே குளிர்காற்று மெல்லிய படலமாகத் தங்கியிருக்கிறது. அதைக் கடக்கும் துளி சுழியத்துக்குக் கீழே போனாலும் உறைய நேரமில்லாமல் தண்ணீராகவே வந்து, எதைத் தொட்டாலும் அந்த நொடியில் ஐஸாகிறது. கிழக்குக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. வடகிழக்குக் காற்று குளிரைப் பள்ளத்தாக்கு வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், மேலே உள்ள சூட்டுக்கு அதைக் கலைக்க முடியாது. 1998 ஜனவரியில் இப்படி ஐந்தாறு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் 14 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எஃகுக் கோபுரங்களே ஐஸின் கனம் தாங்காமல் மடிந்து விழுந்தன. சில ஊர்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

லூட்டன் ராஜி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஊரில் 40 டிகிரி வந்தால் யாரும் பேசக்கூட மாட்டோம். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் கோனிங்ஸ்பியில் 40.3 பதிவானபோது நாடே நின்றது. அதற்கு முந்தைய நாள்தான் எங்கள் ஊர் விமான நிலையத்தில் ஓடுபாதையின் ஒரு பகுதி வெயிலில் இளகி விமானங்களை நிறுத்தினார்கள். வீடுகள் எல்லாம் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கக் கட்டியவை. ஃபேன் கிடையாது, கதவு ஜன்னலில் காற்றோட்டம் கிடையாது. பகலில் திரையை மூடி, ராத்திரி ஜன்னலைத் திறந்து, கைக்குழந்தைக்கு ஈரத்துணி போட்டே சமாளித்தோம். அம்மா போனில், "மதுரையில் இதைவிட அதிகம்டி" என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

துபாய் தூத்துக்குடி:
உண்மை அக்கா. 2023 டிசம்பரில் எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதற்குச் சில மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 16-இல், இங்கே அமீரகத்தில் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 25 சென்டிமீட்டருக்கு மேல். 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து இதுதான் இங்கே அதிகம். அளவைப் பார்த்தால் நம் ஊரில் நான்கில் ஒரு பங்கு. ஆனால் மழைநீர் வடிய வழியே இல்லாத சாலைகள். அண்டர்பாஸில் கார் கூரை வரை தண்ணீர். செயற்கை மழைக்காக மேகத்தில் உப்பு தூவியதால்தான் இந்த வெள்ளம் என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. அது அவ்வளவு பெரிய புயலை உண்டாக்காது என்று வானிலை அறிஞர்கள் தெளிவாகச் சொன்னார்கள். என் வண்டி போனது. காப்பீட்டுக்காரர்கள், வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஸ்கார்பரோ மாமா:
காப்பீடு மட்டுமா, வீட்டுக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் பாருங்கள். வாடகை ஏறுகிறது, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்றால் அடுத்த வாரம் ஆள் வரும் என்பார்கள். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் டொராண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகள் போனபோது எங்கள் கட்டடத்துக்கு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. கேம்பிங் கேஸ் அடுப்பைச் சமையலறையில் ஏற்றி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக் குளிர் காய்ந்தோம். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

லூட்டன் ராஜி:
வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்று முடியாது மாமா. இங்கே சுவரில் பூஞ்சை படிந்தால் நாம் சாதம் வடிப்பதால்தான் என்கிறார்கள்.

மதுரைப்பொண்ணு:
மன்னிக்க, போனை அணைத்து வைத்திருந்தேன். ஊர் சொல்ல விட்டுப்போனது, மாண்ட்ரியல். மூன்றாவது மாடி. சுவரோரம் நீளமாக இருக்கிற கரண்ட் ஹீட்டர். பாப்பாவுக்கு எட்டு மாதம். பால்கனியில் கரி போட்டு எரிக்கும் பார்பிக்யூ அடுப்பு இருக்கிறது, மாமா சொன்ன மாதிரி ஜன்னலைத் திறந்துகொண்டு உள்ளே வைக்கட்டுமா?

கோட்-தே-நேஜ் அக்கா:
வேண்டாம் தங்கச்சி. கரி அடுப்பு, கேம்பிங் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. பால்கனியிலும் கதவோரம் வேண்டாம். கரியில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2023 ஏப்ரலில் இதே ஊரில் ஐஸ் புயல் வந்து பத்து லட்சத்துக்கு மேல் இணைப்புகள் போனபோது, குளிருக்குக் கரி மூட்டியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், மயக்கம் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அவசர உதவிக்கு 911 அடியுங்கள். ஸ்கார்பரோ அண்ணை கோபிக்கக்கூடாது, இது விளையாட்டில்லை.

இப்ப உங்கட நிலைமைக்கு வருவோம். கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட்டில்தான் சூடு. கரண்ட் போனால் சூடும் போகும். எப்ப வரும் என்று இங்கத்தைய மின்வாரியமான ஹைட்ரோ-கியூபெக்கின் இன்ஃபோ-பான் ஆப்பில் முகவரி போட்டுப் பாருங்கள், ஆனால் அந்த நேரத்தை நம்பி இருக்காதீர்கள், தள்ளிப்போகும். கைக்குழந்தையோடு இரவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். கரண்ட் இருக்கிற தெரிந்த வீடு இருந்தால் அங்கே. இல்லையென்றால் மாநகராட்சியின் 311-க்கு அடித்து, சூடேற்றும் இடம் எங்கே திறந்திருக்கிறது என்று கேளுங்கள். இப்படியான நேரத்தில் மாநகராட்சி அதற்கென்று இடம் திறக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டால் ஆங்கிலத்தில் கதைக்கலாம்.

கிளம்பும்வரை ஒரே அறையில் இருங்கள், மற்றக் கதவுகளைச் சாத்தி அடியில் துவாயைச் செருகுங்கள். பிள்ளைக்குத் தொப்பி, சொக்ஸ், மெல்லிய உடுப்பு இரண்டு மூன்று அடுக்கு. உங்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்டால் நல்ல சூடு, ஆனால் முகம் மூடாமல் பாருங்கள். தூங்கும்போது தொட்டிலில் தளர்ந்த போர்வை வேண்டாம். தண்ணீர் சூடாக்கும் தாங்கியில் சில மணி நேரம் சூடு நிற்கும். ஒரு பாத்திரத்தில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பால்போத்தலை வெளியே இருந்து சூடாக்கலாம். மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் தூங்காதீர்கள்.

வெளியே நடக்கும்போது மரத்தடியாலும் கரண்ட் வயருக்குக் கீழாலும் போகவேண்டாம். இந்த மழை நின்ற பிறகுகூடக் கிளை விழும். வயர் அறுந்து கிடந்தால் 10 மீட்டர் தள்ளி நின்று 911. ஷூவுக்கு வெளியே பழைய தடித்த சொக்ஸ் ஒன்றை இழுத்துப் போட்டால் அவ்வளவாக வழுக்காது. பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு படி இறங்காதீர்கள், இந்த ஊரின் வெளிப்படிக்கட்டுகள் ஐஸ் பிடித்தால் மோசம். பிள்ளையை நெஞ்சோடு கட்டும் கரியரில் கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக வாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு ஆளைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.

மெல்போர்ன் வாணி:
அக்கா சொன்னதே போதும், நான் மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எந்த ஊர் போனாலும் அந்த ஊருக்கே உரிய ஆபத்து எது என்று போன முதல் வாரமே விசாரியுங்கள். இங்கே 2016 நவம்பர் 21 அன்று ஒரு இடிமழை, புல்லின் மகரந்தத்தை உடைத்துத் தூளாக்கிக் காற்றில் பரப்பியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசியர்கள் அதிகம். பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமாவே கிடையாது, வசந்தகாலத் தும்மல் மட்டும்தான். இப்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை விக்எமர்ஜென்சி ஆப்பில் இதற்கென்றே முன்னறிவிப்பு வருகிறது. வந்த இரண்டு மூன்று வருடத்தில் தும்மல் தொடங்கினால் டாக்டரைப் பார்த்து இன்ஹேலர் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைப்பொண்ணு:
கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பாட்டியின் பேரன் வந்து பையைத் தூக்கிக்கொண்டார். வெர்டனில் அவருடைய அத்தை வீட்டில் கரண்ட் இருக்கிறது, அங்கே வந்துவிட்டோம். பாப்பா தூங்குகிறாள். ரொம்ப நன்றி அக்கா. திரும்பிப் போகும்போது ஏதாவது பார்க்க வேண்டுமா?

கோட்-தே-நேஜ் அக்கா:
சந்தோஷம் தங்கச்சி. கரண்ட் வந்ததும் எல்லா ஹீட்டரையும் ஒரேயடியாகக் கூட்டிவைக்காதீர்கள், ஊர் முழுக்க அப்படிச் செய்தால் கரண்ட் மறுபடி போகும். பிள்ளையின் அறையை முதலில், மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டிருந்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள். அதைத் தாண்டியிருந்தால் இறைச்சி, பால், பிள்ளைக்குக் கரைத்துவைத்தது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள், மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்தக் கிழமைக்குள் பற்றரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், டார்ச்சும், போனுக்குப் பவர் பேங்கும் வாங்குங்கள். ஏப்ரல்வரைக்கும் இந்த மழை மறுபடி வரலாம்.