தொடர்கதை பைண்டும் முழு இதழும்: பழைய கல்கி, விகடன் வைத்திருப்பவர்களுக்கு நான்கு பேர் புனைபெயரில் சொல்லும் யோசனைகள்

ஊசிநூல்:

பரணில் கல்கி, விகடன், குமுதம் என்று கட்டுக் கட்டாகக் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாத்தா சேர்த்தது பேரன் கைக்கு வரும்போது பாதிப் பேர் எடைக்குப் போடுகிறார்கள், மீதிப் பேர் நல்லெண்ணத்தோடு பைண்டிங் கடைக்கு அனுப்பிக் கெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய கேடு. எடைக்குப் போனது என்றாவது திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் தலைகாட்டலாம். கட்டிங் மெஷினில் போன ஓரம் போனதுதான்.

ஸ்டேப்ளர் பின்னிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சேதம் தொடங்கும் இடமே அதுதான். வார இதழ் நடுவில் இரண்டு பின் அடித்தது. ஐம்பது, அறுபது வருஷத்தில் அந்தக் கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் அரித்துவிடும். பின் எடுக்கும் கருவியை இதில் வைக்கவே கூடாது. இதழை நடுப்பக்கத்தில் விரித்து மேசைமேல் வையுங்கள். பின்னின் கால்கள் உள்பக்கம் மடிந்து தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் காலுக்கும் தாளுக்கும் இடையே நுழைத்து, மழுங்கிய கத்தி முனையால் காலை நிமிர்த்துங்கள். இரண்டு காலும் நிமிர்ந்த பிறகு இதழைக் கவிழ்த்து, முதுகுப் பக்கத்திலிருந்து நேராக மேலே இழுக்க வேண்டும். கால் பொடிந்தால் பொடியட்டும், ஒடித்து எடுத்துவிடுங்கள். துரு இளகும் என்று தண்ணீர் தடவினால் பழுப்புக் கறை நாலு தாளுக்கு இறங்கும்.

எடுத்த இடத்தில் மறுபடி பின் அடிக்காதீர்கள். அதே ஓட்டைகள் வழியாக மெழுகு தேய்த்த ட்வைன் நூலைக் கோத்து, முடிச்சு உள்பக்கம் வருமாறு கட்டினால் போதும். முடிச்சைத் தாள் வளையும் அளவுக்கு இறுக்க வேண்டாம். மக்கிய தாளை நூலே அறுத்துவிடும்.

நடுப்பக்கம்:

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடலாம். நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால், மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூட வரும். 80 பக்க இதழ் என்றால் 81. பக்கம் 12 இருக்கும் தாளின் மறுபாதி 69. அதன் பின்முகம் 11, 70. ஆக, பன்னிரண்டாம் பக்கத்தை யாராவது கிழித்திருந்தால் 69, 70 இரண்டும் பின்னை விட்டுக் கழன்று ஆடும், அல்லது சேர்ந்தே தொலைந்திருக்கும். கடையில் நின்றபடி இதழை லேசாக உதறிப் பாருங்கள், ஆடும் தாள் தெரிந்துவிடும். சில இதழ்கள் அட்டையையும் சேர்த்துப் பக்கம் எண்ணும், சில எண்ணாது. நடுத் தாளின் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கையே இதழ் முழுக்கப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி காணாமல் போவது நடுத்தாள்தான், வண்ணப்படம் அங்கேதான் வரும். அதற்கு அடுத்து தொடர்கதைப் பக்கங்கள். முழுதாகத் தெரியும் இதழில் கதை மட்டும் இல்லாமல் இருப்பது சகஜம். யாரோ ஒரு பக்தர் பைண்டு செய்ய எடுத்துக்கொண்டிருப்பார்!

தியாகசிகரம்:

அந்த பக்தர்களை அவ்வளவு எளிதாகப் பழிக்க வேண்டாம். தொடராக வந்தது புத்தகமாக வருமா என்று தெரியாத காலம் அது. வந்தாலும் படம் இருக்காது. பொன்னியின் செல்வனை ஓவியர் மணியம் படங்களோடு படிக்க வேண்டுமென்றால் கல்கியிலிருந்து எடுத்துச் சேர்ப்பதைத் தவிர அப்போது வழி இருக்கவில்லை. தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலுவும் அப்படித்தான். விலை குறைந்த பதிப்புகள் பலவற்றில் இன்றைக்கும் எழுத்து மட்டுமே இருக்கிறது.

பொன்னியின் செல்வன் பைண்டு கையில் இருப்பவர்கள் சரிபார்க்க ஒரு கணக்கு. புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. தொடர் ஓடியது 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருஷம். அதாவது இருநூறுக்கும் குறைவான வாரங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். பல இதழ்களில் ஒன்றுக்கு மேல் வந்திருக்கும். இதைத் தெரியாமல் "நூறு இதழ் குறைகிறது" என்று தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு வழுக்கல்: ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்றாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் அத்தியாய எண்ணிக்கை ஒன்றே என்பதால், கட்டு அவிழ்ந்து கலந்துவிட்டால் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கக் கூடாது. பக்க எண்ணும் உதவாது, ஒவ்வொரு இதழிலும் அது வேறு. இதழ்த் தேதி ஒன்றுதான் துணை, அதுவும் எல்லாத் தாளிலும் அச்சாகி இருக்காது. அதனால் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு தாளிலும் உள்ஓரத்தில், முதுகிலிருந்து ஒரு விரல் தள்ளி, மெல்லிய பென்சிலால் தேதியும் பாகமும் எழுதிவிடுங்கள். வெளிஓரத்தில் எழுதினால் அது கடையில் வெட்டுப்பட்டுப் போகும்.

அந்த உள்ஓரத் தேதி வேறு ஒன்றுக்கும் பயன்படும். கல்கி இதழ் இதே கதையைப் பின்னாளில் மறுபடியும் தொடராக வெளியிட்டது. வினு, பத்மவாசன் என்று வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். இரண்டு காலத்துத் தாள்களும் ஒரே பைண்டில் கலந்திருப்பதைப் பார்க்கலாம். விட்டுப்போன இடத்தைக் கிடைத்ததை வைத்து நிரப்பியிருப்பார்கள். தாளின் நிறம், எழுத்துரு, படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்து மூன்றையும் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

பழுப்புத்தாள்:

நான் முழு இதழ்க் கட்சி. தொடரை மட்டும் உருவினால் அந்தத் தாளின் மறுபக்கம் என்ன ஆகிறது? கல்கியில் ஒரு அத்தியாயம் இடப்பக்கத்தில் முடிந்தால், அதே தாளின் முன்பக்கம் பைண்டுக்குள் சேர்ந்து வந்துவிடும், ஆனால் இடப்பக்கத்தில் தொடங்கி, அதே தாளின் முன்பக்கத்தில் இன்னொரு கட்டுரையின் கடைசிப் பக்கம் இருந்தால் அந்தக் கட்டுரை வாலறுந்து போகும். விகடனில் முத்திரைக் கதையின் கடைசிப் பத்தி ஒரு தொடரின் பின்முகத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டில் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டியதுதான். மாலியும் கோபுலுவும் போட்ட ஜோக்குகள், துணுக்குகள், ஆசிரியருக்குக் கடிதம், சோப்பு விளம்பரம், சினிமா விளம்பரம் எல்லாம் தொடர் பைண்டில் இருக்காது. கதை எப்படியும் மறுபதிப்பாக வரும். இவையெல்லாம் அந்த இதழோடு சரி.

முழு இதழாகக் கட்டும்போது அளவைக் கவனியுங்கள். 80 பக்க இதழ் 13 சேர்த்தால் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கனம் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு வால்யூம், அது சரியான கனம். கூலி மிச்சம் என்று ஆறு மாதத்தை ஒன்றாகக் கட்டினால் எட்டு சென்டிமீட்டர். விரித்தால் முதுகு பிளக்கும், தூக்கினால் அட்டை கையோடு வரும். இதழின் அளவு இடையில் மாறியிருந்தால் அங்கேயே வால்யூமை முடித்துவிடுங்கள். பெரியதையும் சிறியதையும் ஒன்றாகக் கொடுத்தால் கடைக்காரர் சிறியதின் அளவுக்குப் பெரியதை வெட்டுவார்.

ஊசிநூல்:

கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் மூன்று. "கட்டிங் போடாதீங்க." "குத்துத் தையல் வேண்டாம், இதழ் இதழா மடிப்புல தையுங்க." "மேலட்டையக் கிழிக்காதீங்க." மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கட்டின்மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னது கடையில் இருப்பவரோடு நின்றுவிடும், தைப்பவர் காதுக்குப் போகாது.

குத்துத் தையல் என்றால் கட்டு முழுக்க ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே துளை போட்டு நூல் கோப்பது. கணக்கு நோட்டுக்கு அது சரி. வார இதழில் உள்ஓரம் அவ்வளவு இருக்காது. வரியின் முதல் எழுத்து தையலுக்குள் போய்விடும், படிக்க வேண்டுமானால் பைண்டைப் பிளந்து பிடிக்க வேண்டும், பழைய தாள் அதே கோட்டில் ஒடியும். மடிப்பில் தைத்தால் ஒவ்வொரு இதழும் தட்டையாக விரியும். வேலை இரட்டிப்பு, கூலியும் கூடத்தான் கேட்பார்கள். கொடுக்கலாம்.

ஏற்கெனவே கிழித்து வைத்த ஒற்றைத் தாள்களுக்கு மடிப்பு இல்லையே என்று கேட்பீர்கள். 3 சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டித் தாள் பட்டை வெட்டி நீளவாக்கில் மடியுங்கள். ஒரு பாதியின் ஓரத்தில் 4, 5 மில்லிமீட்டர் மட்டும் பசை தடவி ஒற்றைத் தாளை ஒட்டுங்கள், மறுபாதியில் அடுத்த தாள். இப்போது அது மடித்த தாள்போல ஆகிவிட்டது, மடிப்பில் தைக்கலாம். பசை அகலமாகப் போனால் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே தாள் முறியும்.

பழுப்புத்தாள்:

பசை பற்றி ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது வழக்கம், பூச்சி வராதென்று. மைதா என்றால் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து, அந்த பயம் நியாயம்தான். ஆனால் துத்தத்தில் இருக்கும் செம்பு தாளை உள்ளிருந்து பழுப்பாக்கி நொறுக்கும். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, லிக்னின் என்ற மரப்பொருள் நீக்காதது, தானாகவே அமிலமாகிற சாதி. அதற்கு மேல் செம்பும் சேர வேண்டுமா? பழைய பைண்டுகளில் முதுகை ஒட்டி ஒரு பட்டை மட்டும் கரும்பழுப்பாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

100 கிராம் மைதாவுக்கு அரை லிட்டர் தண்ணீர். முதலில் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதியைக் கொதிக்க வைத்து அதில் ஊற்றி, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டி, ஆற வைத்து வடிகட்ட வேண்டும். கரண்டியிலிருந்து இழையாக விழ வேண்டும், கட்டியாக விழுந்தால் இன்னும் கொஞ்சம் நீர். துத்தம் இல்லாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும், புளித்ததைத் தாளில் தடவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே வைத்துக்கொள்ளக் கூடாது. பசை காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசிதான் தோது.

தியாகசிகரம்:

துத்தம் போட்ட பைண்டுகளைப் பூச்சி தொடவில்லை என்பதும் உண்மை அல்லவா?

பழுப்புத்தாள்:

உண்மைதான். பூச்சி தொடவில்லை, தாளைத் தொட்டால் உதிர்கிறது. இரண்டில் எது தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கு வைப்பிடத்தில் வழி செய்யலாம். சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிய அலமாரி, மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுவது, மெல்லிய துணியில் முடிந்த வசம்பு அல்லது நன்றாகக் காய்ந்த வேப்பிலை. ஈர வேப்பிலை வேண்டாம், கறை படியும். பாச்சை உருண்டையைத் தாளில் படும்படி வைக்காதீர்கள். கரையான் என்றால் இது எதுவும் போதாது, அலமாரியையே இடம் மாற்ற வேண்டும்.

நடுப்பக்கம்:

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுபவர்களைக் கண்டால்தான் கோபம் வருகிறது. பத்துப் பதினைந்து வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாக நிற்கும், கீழே இருக்கும் எழுத்து மங்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அச்சும் சேர்ந்து வரும். லாமினேஷன் அதைவிட மோசம். திரும்ப எடுக்கவே முடியாது. கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் கோடாகத் தெரியும்) நீர்த்த பசையில் ஒட்டி, மேலே மெழுகுத்தாள் வைத்து, கனமான புத்தகம் ஒன்றை ஓர் இரவு ஏற்றினால் போதும்.

இன்னொன்று, சரஸ்வதி பூஜைக்கு அடுக்கும்போது அட்டைமேல் நேராகச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். மேலே ஒரு வெள்ளைத்தாள் போட்டு அதில் வையுங்கள். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தியாகசிகரம்:

தீபாவளி மலர்கள் தனி. கனமானவை, முதுகில் பசை போட்டு ஒட்டியவை. முழுதாக 180 டிகிரி விரித்தால் பசை விரிந்து தாள் கொத்தாகக் கழலும். ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்காமல், பாதி திறந்தபடி மேலிருந்து படம் எடுப்பதுதான் சரி. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாகப் போட்டால் தானாகவே வரிசைப்படும். "தீபாவளி மலர் புதியது 2" என்று வைத்தால் அடுத்த தீபாவளிக்குள் அது எந்த வருஷத்து மலர் என்பதே மறந்துவிடும்.

எடுத்த படங்களைப் பொதுவில் போடும் முன் ஒன்று. எழுத்தாளர் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, ஆனால் அந்த ஆணை எழுத்துக்குத்தான். ஓவியரின் உரிமை வேறு கணக்கு. படத்தோடு பக்கம் பக்கமாக ஏற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விட்டுப்போன இதழில் என்ன இருந்தது என்று அறிய, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் நல்ல இடங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததுதான் 1994இல் நூலகமானது. போகும்போது தேதி, தொடரின் பெயர், பாகம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இதழில் அச்சான தேதி கடைக்கு வந்த நாளைவிடப் பிந்தியது. வாங்கிய நாளைக் குறித்து வைத்த பழைய டைரியை நம்பிக் கேட்டால் முந்தின வாரத்து இதழ்தான் கைக்கு வரும்.

ஊசிநூல்:

அந்த விட்டுப்போன இதழுக்காக பைண்டை நிறுத்தி வைக்க வேண்டாம், சேர்த்ததும் சிதறிவிடும். அந்த இடத்தில் நான்கைந்து வெறும் பட்டைகளை மடித்துச் சேர்த்துத் தைத்துவிடுங்கள், முதல் பட்டையில் பென்சிலால் தேதி எழுதி. இதழ் கிடைக்கும் அன்றைக்குத் தாள்களை அந்தப் பட்டையில் ஒட்டிக்கொள்ளலாம், முதுகைப் பிரிக்க வேண்டியிராது. பட்டையே இல்லாமல் தைத்த பைண்டில் பின்னால் கிடைத்ததைச் செருகி வைத்தால், அந்த இடத்தில் கனம் கூடி அட்டை வாய் பிளந்தபடியே நிற்கும்.