16 வயதுத் தடை இஞ்சயும் வேணுமா? வயதைக் காட்ட அடையாள அட்டை வேணுமா?

வடலி17:
அவுஸ்திரேலியாவில 2025 டிசெம்பர் 10 இல இருந்து 16 வயதுக்குக் கீழ உள்ள ஆக்கள் ரிக்ரொக், இன்ஸ்ரகிராம், பேஸ்புக், யூரியூப் மாதிரித் தளங்களில கணக்கு வைச்சிருக்க ஏலாது. தண்டம் பிள்ளைக்கோ தாய் தேப்பனுக்கோ இல்லை, கொம்பனிக்குத்தான்: 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரைக்கும். இஞ்ச இலங்கையிலயும் அப்பிடி வேணும் எண்டு சொல்லுற ஆக்களுக்காக எழுதுறன். எனக்கு 17, அந்தத் தடை என்னைத் தொடாது. எண்டாலும் எதிர்க்கிறன்.

எங்கட நாட்டில அடையாள அட்டை எடுக்கிறது 15 வயதில. 13 வயதுப் பிள்ளையிட்டக் காட்ட ஒண்டுமே இல்லை. அப்ப ஆர் காட்டப்போகினம்? 16 தாண்டின எல்லாரும். பிள்ளையளை நிப்பாட்டவெண்டு தொடங்கி, அம்மம்மாவின்ர அட்டையும் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேர்வரில போய்க் கிடக்கிறதிலதான் முடியும்.

செம்மண்:
தம்பி, அந்த அவுஸ்திரேலியச் சட்டத்தை முழுக்க வாசிச்சுப்போட்டுக் கதையும். அரச அட்டை ஒண்டை மட்டும் கேட்டு நிக்க ஏலாது, வேற வழியும் குடுக்கவேணும் எண்டு அதிலயே இருக்கு. வயது பார்க்கச் சேர்த்த தகவலை வேலை முடிய அழிக்கவும் வேணும்.

மற்றப் பக்கத்தையும் பாரும். ஒரு வீடியோவில பிள்ளை எத்தனை செக்கன் நிண்டது எண்டதை வைச்சுத்தான் அடுத்தது வருது. மெலியிறதைப் பற்றி ரெண்டு வீடியோ பார்த்த பிள்ளைக்கு மூண்டாவது, நாலாவது தானாகவே வந்து விழும். தரம் 8 பிள்ளையின்ர முகத்தை வேற உடம்பில ஒட்டிக் குழுவில போடுறதுக்கு இப்ப ஒரு நிமிசம் போதும். இதையெல்லாம் நிப்பாட்டு எண்டு கொம்பனியைக் கேட்க ஒரு சட்டம் வேண்டாமே?

கம்பிக்காரன்:
நெற்வேர்க் வேலை செய்யிறவன் எண்ட முறையில ரெண்டு பேருக்கும் சொல்லுறன்.

செம்மண் அக்கா சொன்ன 'வேற வழி' பெரும்பாலும் முகத்தைக் கமராவுக்குக் காட்டுறது. அந்த மென்பொருள் 10 வயதையும் 25 வயதையும் சுகமாப் பிரிக்கும். 15 ஐயும் 17 ஐயும் பிரிக்கத்தான் திணறும், இஞ்ச பிரச்சினையே அந்த இடம்தான். அதில பிழைச்சால் திரும்பவும் 'அட்டையைக் காட்டு' எண்டுதான் வரும். அழிக்கவேணும் எண்டு எழுதிவைக்கிறது வேற, அழிபடுறது வேற. 2025 ஒக்ரோபரில டிஸ்கோர்ட் எண்ட அரட்டைத் தளம் தானே வெளியில சொன்னது: வெளிச் சேவைக் கொம்பனி ஒண்டில நடந்த ஊடுருவலில ஏறக்குறைய 70,000 பேரின்ர அடையாள ஆவணப் படங்கள் போயிருக்கலாமாம். வயது பற்றின முறைப்பாட்டுக்காக அனுப்பின படங்களும் அதுக்குள்ள.

'படம் வேண்டாம், நம்பர் மட்டும் தாங்கோ' எண்டு கேட்டாலும் ஏமாறாதேங்கோ. எங்கட புது அட்டையின்ர 12 இலக்கத்தில முதல் நாலு பிறந்த ஆண்டு. அடுத்த மூண்டு வருசத்தில எத்தனையாவது நாள் எண்டது, பெண் எண்டால் அதோட 500 கூட்டியிருக்கும். 2009 க்குப் பிறகு 532 வந்தால் 2009 பெப்ரவரி 1 இல பிறந்த பெண். நம்பரைக் குடுத்தாலே பிறந்த திகதியும் ஆணோ பெண்ணோ எண்டதும் போட்டுது.

வடலி17:
அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். இஞ்ச அட்டை எண்டால் கனகாலம் சோதனைச்சாவடியில நீட்டுற சாமான். இப்ப இணையத்தில எழுதுறதைக் கட்டுப்படுத்துற 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கு: ஜனாதிபதி நியமிக்கிற 5 பேர் ஆணைக்குழு, சில வகைப் 'பொய்யான கூற்று'க்கு 5 வருசம் வரைக்கும் சிறை. ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால அட்டை நம்பர் ஒண்டு கட்டியிருந்தால், காணி பற்றியோ காணாமல் ஆக்கப்பட்ட ஆக்கள் பற்றியோ எழுத ஆருக்குத் துணிவு வரும்?

செம்மண்:
அந்தப் பயம் நியாயம். ஆனால் அது பெரிய ஆக்களின்ர பேச்சுரிமை. 12 வயதுப் பிள்ளைக்கு இண்டைக்கு இரவு என்ன செய்யிறது?

கம்பிக்காரன்:
இண்டைக்கே செய்யக்கூடியது: வீட்டு ரவுட்டரில டி.என்.எஸ் ஐ (தளத்தின்ர பேரை வைச்சு அது இருக்கிற இடத்தைத் தேடித் தாற சேவை) 1.1.1.3 எண்டு மாத்துங்கோ, ஆபாசத் தளங்கள் கன அளவில அடைபடும். பிள்ளை வைபையை நிப்பாட்டி டேற்றாவுக்கு மாறினால் அது வேலை செய்யாது. அதால போனில கூகிளின்ர பமிலி லிங்க் எண்ட பெற்றோர் செயலியைப் போட்டு, நேர எல்லையும் நித்திரை நேரமும் வையுங்கோ. முக்கியமா, கணக்குத் திறக்கேக்க பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட விடாதேங்கோ. 18 எண்டு போட்டால் இன்ஸ்ரகிராம் சின்ன ஆக்களுக்கு வைச்சிருக்கிற பூட்டு ஒண்டும் விழாது. இலவச வி.பி.என் ஐ (இணையப் போக்குவரத்தை இன்னொரு கொம்பனிக்குள்ளால அனுப்புற செயலி) பிள்ளையின்ர போனில கண்டால் அழியுங்கோ; எந்தத் தளத்துக்குப் போறார் எண்டது முழுக்க அந்தக் கொம்பனிக்குத் தெரியும்.

கொமினிகேஷன் கடையில அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்தால், கொப்பியின்ர குறுக்கால பேனையால ரெண்டு கோடு இழுத்து, நடுவில எதுக்காக, ஆருக்கு, திகதி என்ன எண்டு எழுதுங்கோ. எழுத்து நம்பரில முட்டவேணும், முகத்தை மறைக்கக் கூடாது. கடை நம்பருக்கு வட்ஸ்அப்பில படம் அனுப்பினால் அது அந்தப் போன் கலரியிலயும் கிளவுட்டிலயும் தங்கும். பென்டிரைவில குடுங்கோ.

செம்மண்:
அப்ப வயதைக் காட்ட ஒரு வழியுமே இல்லையோ?

கம்பிக்காரன்:
இருக்கு. ஐரோப்பிய ஆணைக்குழு 2025 யூலையில வயதைக் காட்டுற செயலிக்கு முன்மாதிரி ஒண்டு வெளியிட்டது. தளம் கேட்கிறது 'வயது தாண்டிச்சுதோ?' எண்டு மட்டும், போன் சொல்லுறது 'ஓம்' எண்டு மட்டும். பேரும் திகதியும் போகாது. இந்திய நிதியுதவியோட எங்களுக்கு வாற டிஜிற்றல் அட்டை முகம், கைரேகை, கருவிழி எல்லாம் எடுக்கிற திட்டம். அதில இந்த 'ஓம்' வசதி வேணும் எண்டு இப்பவே கேட்கவேணும். கட்டி முடிச்சாப் பிறகு செருகிறது கஷ்டம்.

வடலி17:
அது வரும்வரைக்கும் தடை வேண்டாம் அக்கா. தானா ஓடுற வீடியோ, தெரியாத ஆக்களின்ர மெசேஜ், இரவு 10 க்குப் பிறகு நோட்டிபிகேசன், இந்த மூண்டையும் எல்லாற்ற கணக்கிலயும் முதல்லயே மூடிவைக்கச் சொல்லிக் கொம்பனியைக் கட்டாயப்படுத்தலாம். வேணுமெண்ட ஆக்கள் திறக்கட்டும். அதுக்கு ஆரின்ர வயதும் கேட்கத் தேவையில்லை.

செம்மண்:
மூடிவைக்கிறதுக்கு நானும் சம்மதம். ஆனால் திறக்கிற பொத்தானை 12 வயதுப் பிள்ளையும் அமத்தும் தம்பி. அதுக்காகத்தான் தடையையும் கேட்கிறன்.